ரெக்கார்டிங் கடையின் இரண்டு மேசைகள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் பழைய ரெக்கார்டிங் சென்டர் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்து, ஏ பக்கத்தில் எத்தனை பாட்டு அடங்கும், பி பக்கத்தில் எது முதலில் வரவேண்டும் என்று கடைக்காரரோடு பேசி முடிவு செய்த தலைமுறைக்கு இவ்வகைக் கடையை விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. வலப்பக்க மேசையில், வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒலிநாடாக்களையும் வி.எச்.எஸ். காணொளி நாடாக்களையும் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருகிறார்கள். இடப்பக்க மேசையில் பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் பாட்டும் படமும் ஏற்றித் தருகிறார்கள். முதல் வேலையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இரண்டாவது வேலை உரிமையின்றி நகலெடுத்து விற்பது, சட்டப்படி குற்றம் என்பதால்தான் கடையின் பெயரை எழுதவில்லை. இணையத்திலிருந்து உரிமையின்றிப் பாட்டும் படமும் இறக்கிக்கொள்பவர்களைத் தண்டிக்கலாமா என்ற கேள்வியையும் இந்த மேசையை வைத்தே பார்க்கப்போகிறேன்.

நான் கொண்டுபோனவற்றுள் பெரும்பாலானவை, ஓமலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்துகளை என் தந்தையார் தம் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்த கேசட்டுகள். கடைக்காரர் அவற்றை எடுத்த எடுப்பில் ஓடவிடவில்லை. நாடாவை, அதிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய திண்டு, பசை காய்ந்து பல கேசட்டுகளில் கழன்று கிடந்தது. அந்த நிலையில் ஓடவிட்டால் ஒலி விட்டுவிட்டும் அமுங்கியும் கேட்கும். திருகாணி போட்ட கேசட்டுகளைத் திறந்து நாடாச் சுருளை நல்ல கூடுகளுக்குள் மாற்றினார். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடப்பட்டவற்றை விளிம்பில் கத்தி வைத்துப் பொறுமையாகப் பிளந்தார். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பாக ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தார். அதன்பின், தாளத்தின் ஒலி கணீரென்று வரும்வரை ஹெட்டின் சாய்வைத் திருகாணியால் சிறிது சிறிதாகத் திருப்பினார். பதிவு செய்த கருவியின் ஹெட்டும் இப்போது ஒலிக்கும் கருவியின் ஹெட்டும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் மேல்தாயி ஒலிகள் மங்கிவிடும் என்பதை, மலிவான யு.எஸ்.பி. கேசட் கருவியை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அப்படி மாற்றிய ஒரு கோப்பை இவர் மாற்றித் தந்ததோடு ஒப்பிட்டுக் கேட்டேன். முகவீணையும் ஆர்மோனியமும் தனித்தனியாகக் கேட்டது இவர் தந்ததில்தான்.

ஒரு குறை உண்டு. நாடாவின் இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார். முதலில் தந்த கோப்புகளில் இரைச்சலோடு சேர்ந்து கூத்தாடுபவரின் குரலில் இருந்த கரகரப்பும் போய்விட்டது. சொன்னவுடன் முகம் சுளிக்காமல், இரைச்சல் நீக்காத மூலப் பதிவை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் கோப்பாகவும், அன்றாடம் கேட்பதற்கு எம்.பி.3 கோப்பாகவும் மறுபடி எடுத்துத் தந்தார். கூடுதல் பணம் கேட்கவில்லை. 90 நிமிடக் கேசட் ஒன்றுக்கு 150 ரூபாய் என்பது அந்த உழைப்புக்குக் குறைவு என்றே எண்ணுகிறேன்.

வி.எச்.எஸ். வேலை இன்னும் கடினமானது. ஏற்காட்டில் இருக்கும் என் மாமா வீட்டில், மலையின் ஈரக் காற்றில் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கல்யாண நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே வி.சி.ஆரில் போட்டால் ஹெட் பாழாகும். அடுத்தபடி போடும் நல்ல நாடாவுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். இக்கடையில் அத்தகைய நாடாக்களுக்கென்றே ஒரு பழைய வி.சி.ஆரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாடாவை மெல்ல ஓடவிட்டு, துணியால் ஒற்றித் துடைத்து, மறுபடி சுற்றி, அதன் பிறகே படமாக எடுக்கிறார்கள். தாலி கட்டும் காட்சி பெருமளவு தப்பியது. பந்தி நடந்த பகுதி கோடு கோடாகத்தான் வந்திருக்கிறது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய 4:3 படத்தை இன்றைய தொலைக்காட்சித் திரையின் அகலத்துக்கு இழுத்துத் தந்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கவாட்டில் வீங்கித் தெரிந்தார்கள். இதையும் கேட்ட பிறகு சரிசெய்து தந்தார்கள். கேட்காமலேயே செய்திருக்க வேண்டும்.

இடப்பக்க மேசையில்தான் கடையின் கூட்டம். தனியார் டவுன் பஸ் நடத்துநர்கள், லாரி ஓட்டுநர்கள், கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் மைக் செட்காரர்கள், காருக்குப் பாட்டு வேண்டுபவர்கள், கைப்பேசியில் கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் கேட்கும் செயலிகளோடு மல்லுக்கட்ட விரும்பாத பெரியவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் வருகிறார்கள். பென் டிரைவை நீங்களே கொண்டுபோனால் ஒரு விலை, அவர்களிடம் வாங்கினால் ஒரு விலை. பாட்டுகள் இசையமைப்பாளர்வாரியாகவும், காதல், சோகம், பக்தி, கும்மி என்று வகைவாரியாகவும் அடுக்கப்பட்டிருக்கும். புதிய படம் வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். வலப்பக்க மேசையில் தேதியிட்ட ரசீது தருகிறார்கள். இடப்பக்கத்தில் தருவதில்லை.

சரக்கின் தரத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் காசு கொடுத்து வாங்கும் பொருள் அது. என் அண்ணன் மகன் தன் காருக்காக வாங்கிவந்த பென் டிரைவை என் கணினியில் போட்டு ஆராய்ந்தேன். 320 கிலோபிட் என்று பெயரிடப்பட்ட பல கோப்புகளில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே இல்லை. குறைந்த தரக் கோப்பை மறுபடி பெரிய அளவில் சேமித்து வைத்தால் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தில் இப்படித்தான் வெட்டுப்பட்டுத் தெரியும். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் முகவரி இருந்தது. பெயர் இருந்த சில இடங்களிலும் ஒருவர் பாடிய பாட்டு மற்றொருவர் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. உடன் வந்த புதிய படம் திரையரங்கில் கேமரா வைத்து எடுத்தது. முன்வரிசைத் தலைகள் அசைந்தன, ஓரத்தில் சூதாட்டத் தளம் ஒன்றின் விளம்பரம் கடைசிவரை ஓடியது. ஆக, சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பொருளாக மட்டும் பார்த்தாலும் இந்த மேசைக்கு நல்ல மதிப்பெண் தர இயலாது.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "நான் ஒண்ணும் திருடறதில்லைங்க சார். எல்லாம் நெட்ல கெடக்குது. தேடி எடுத்து, அடுக்கிக் குடுக்கற கூலிதானுங்க வாங்கறேன்" என்றார். அடுக்குவது உழைப்புதான், பல ஆயிரம் பாட்டுகளிலிருந்து சேலத்துப் பேருந்துப் பயணிகள் எதை விரும்புவார்கள் என்று அறிந்து தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் கைவரும் காரியமன்று. ஆனால் அந்த உழைப்புக்கு விலை கிடைப்பதே உள்ளே இருக்கும் பாட்டால்தான். அந்தப் பாட்டை உருவாக்கியவர்களுக்கும் உரிமை வாங்கியவர்களுக்கும் அந்தப் பணத்தில் ஒரு காசுகூடப் போவதில்லை.

இணையத்திலிருந்து உரிமையின்றிப் பாட்டும் படமும் இறக்கிக்கொள்பவர்களைத் தண்டிக்கலாமா என்ற விவாதத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், அவர்களிடம் பணம் இல்லை, எப்படியும் வாங்கியிருக்கமாட்டார்கள், அதனால் யாருக்கும் நட்டமில்லை என்பது. இந்தக் கடையின் முன்னால் கால்மணி நேரம் நின்று பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. இங்கே வருபவர்கள் பணம் கொடுக்கிறார்கள். பாட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தோடு, பேரம்கூடப் பேசாமல், வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அவர்கள் கொடுத்த பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவில் நின்றுவிடுகிறது. தண்டனையைப் பற்றிப் பேசும்போது, பணம் யாருடைய கையில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த வேறுபாட்டை ஓரளவுக்கு அறிந்தே இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. தொழில் அல்லது வணிகத்தின் வழியே ஆதாயம் கருதிச் செய்யப்படாத மீறல் என்றால், காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு நீதிமன்றம் இந்தக் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தண்டனையைக் குறைக்கலாம். இந்தத் தொகைகள் எப்போது எழுதப்பட்டவை என்பது இக்கடைக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. 1984-இல், கேசட்டும் வி.எச்.எஸ்.ஸும் நாடெங்கும் பெருகி, நகலெடுத்து விற்பது தெருத் தொழிலாக ஆனபோது, அதை ஒடுக்குவதற்காகச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்தினார்கள். ஒலிப்பதிவின் மீதும் உறையின் மீதும் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டும் இருக்க வேண்டும் என்னும் 52அ பிரிவும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். ரெக்கார்டிங் சென்டர்காரருக்கு 1984-இல் 50,000 ரூபாய் என்பது கடையையே விற்றாலும் கட்ட முடியாத தொகையாக இருந்திருக்கும். அதே தொகை இன்றும் மாறாமல் நிற்கிறது. இடப்பக்க மேசையின் வரும்படிக்கு அது இப்போது ஒரு செலவுக் கணக்குதான். விற்பவருக்கு அச்சம் தராத அந்தத் தொகையும் அதனுடன் வரும் சிறையும், தன் அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டை இறக்கிக்கொள்ளும் கல்லூரி மாணவனை நோக்கித் திருப்பப்பட்டால் அவனுடைய வாழ்க்கையைக் கெடுக்கப் போதுமானவை. 63-ஆம் பிரிவின் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணை உரிமையாகக் கிடைக்காதது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் கூறிவிட்டதால் இது வெறும் கற்பனை அச்சமும் அன்று.

தமிழ்நாட்டில் இன்னொரு கருவியும் இருக்கிறது. 'திருட்டு விசிடி' கொடிகட்டிப் பறந்த காலத்தில், 2004-இல், 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் காணொளித் திருட்டில் ஈடுபடுபவர்களையும் சேர்த்தார்கள். நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே ஓராண்டுவரை தடுப்புக் காவலில் வைக்க வழி செய்யும் சட்டம் அது. திரையுலகின் கோபம் புரிகிறது. ஆயினும் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருப்பவரைச் சாராயம் காய்ச்சுபவரோடும் குண்டரோடும் ஒரே பட்டியலில் நிறுத்துவது, விற்பவர் தண்டிக்கப்பட வேண்டும் என்று நினைக்கும் எனக்கே ஒப்பவில்லை.

வெளிநாடுகளில் இறக்கிக்கொள்பவரையே துரத்திப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஜேமி தாமஸ் ராசெட் என்ற பெண்மணி மீது 24 பாட்டுகளுக்காக இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2007-இல் 2,22,000 டாலர் என்று தீர்ப்பானது. மறுவிசாரணையில் 2009-இல் அது 19 லட்சத்து 20 ஆயிரம் டாலராக ஏறியது. பிறகு குறைந்து, மறுபடி ஏறி, 2012-இல் மேல்முறையீட்டில் பழைய 2,22,000 டாலரிலேயே வந்து நின்றது. இதற்கிடையில், தனிநபர்கள் மீது கூட்டங்கூட்டமாக வழக்குப் போடும் வழக்கத்தைக் கைவிடுவதாக அந்நாட்டு இசை நிறுவனங்களின் சங்கம் 2008 இறுதியிலேயே அறிவித்துவிட்டது. பிரான்சு 2009-இல், மும்முறை பிடிபட்டால் இணைய இணைப்பையே துண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து, 2013-இல் அந்தத் தண்டனையை நீக்கிக்கொண்டது. அமெரிக்க வழக்கில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது: அந்தப் பெண்மணி பாட்டுகளை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி பகிர்ந்து வைத்திருந்தார் என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. இன்றைய டோரண்ட் முறையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு படத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, அதுவரை இறங்கிய துண்டுகள் உங்கள் கணினியிலிருந்து பிறருக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த முறையில் இறக்குபவர் தாமறியாமலேயே விநியோகிப்பவரும் ஆகிவிடுகிறார். வீட்டில் செய்பவருக்குச் சட்டத்தின் முன் இருக்கும் ஆபத்து, கடையில் பென் டிரைவ் வாங்குபவருக்கு இருப்பதைவிட இந்த ஒரு வகையில் கூடுதல்.

காலங்கடந்த உரிமைகளைப் பற்றி இக்கடையில் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு சாலையில் போனால், டி.ஆர்.சுந்தரம் நிறுவி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்தக் காலத்துப் படங்களின் உரிமையைப் பார்ப்போம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1963-இல் வெளியான ஒரு படத்தின் திரைப்பட உரிமை 2023 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் அதிலுள்ள பாடல் வரிகளுக்கும் இசைக்கும் உரிமை தனியே ஓடுகிறது. படைத்தவர் இறந்த பின் 60 ஆண்டுகள்வரை அது நீடிக்கும். 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளுக்கு அந்தக் காலம் 2019-இல் முடிந்தது; 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 வரை இருக்கிறது. இதையெல்லாம் பிரித்துப் பார்த்து, உரிமை முழுவதும் தீர்ந்த பாட்டுகளை மட்டும் ஏற்றித் தருவதாக ஒரு கடை இருந்தால் அதற்கு நானே விளம்பரம் எழுதுவேன். இடப்பக்க மேசையில் அறுபது ஆண்டுப் பழைய பாட்டுக்கும் போன வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்கும் ஒரே கட்டணம்.

வலப்பக்க மேசையையும் சட்டத்தின் கண்ணால் பார்த்துவிடுவோம். சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள்வதை 52-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. நாம் விலைக்கு வாங்கிய கேசட் ஒலிக்காமல் போவதற்குள் நமக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்வது அதில் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். கல்யாண நாடாவில் சிக்கலே இல்லை. பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டைத் தவிர. தெருக்கூத்துப் பதிவில்தான் எனக்குச் சற்று உறுத்தல். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் தனி உரிமை கொடுத்தது. கூத்து கேசட்டுகள் கைமாறிக் கைமாறி நகலான காலத்தில் அந்த ஆட்டக்காரர்கள் பெற்றது அன்றைய இரவுக் கூலி மட்டுமே. அவற்றை இணையத்தில் ஏற்றினால் நிறையப் பேர் கேட்பார்கள் என்று கடைக்காரர் யோசனை சொன்னார். ஆடியவர்களின் குடும்பத்தாரைக் கேட்காமல் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இறக்கிக்கொள்பவர் மீது குற்ற வழக்கு கூடாது. உரிமையாளர் கேட்டால் உரிய விலையைக் கட்டச் சொல்வதோடு நிறுத்த வேண்டும் என்பது என் நிலை. இக்கடையைப் போல் விற்பவருக்கு, கிடைத்த ஆதாயத்தைவிடப் பெரிய அபராதமும், இரண்டாம் முறையானால் கருவிகளைப் பறிமுதல் செய்வதும் வேண்டும். திரையரங்கில் கேமரா வைப்பவருக்கும், அதை ஏற்றி விளம்பரத்தில் பணம் பார்க்கும் தளத்தை நடத்துபவருக்கும் சிறை நியாயமே. 2023-ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டம் திரையரங்கில் பதிவு செய்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 3 லட்சம் ரூபாய் தொடங்கிப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடுவரை அபராதமும் வைத்திருப்பது, குற்றத்தின் அளவோடு தண்டனையைப் பொருத்திப் பார்த்த முயற்சி.

அபராதத்தால் மட்டும் இந்த மேசை மூடப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். மாதச் சந்தா கட்டும் செயலிகளில் இறக்கி வைக்கும் பாட்டு அந்தச் செயலிக்குள்தான் ஒலிக்கும். அதைப் பென் டிரைவுக்கு மாற்றிப் பேருந்தின் ஒலிபெருக்கியில் போட முடியாது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுப்போகும் இடங்களில் இணையத்தை நம்பிப் பாட்டுக் கேட்க இயலாது. கையில் வைத்துக்கொள்ளும் பொருளாகப் பாட்டை விற்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. நிறுத்தாமல் விற்ற ஒருவருக்கு என்ன கிடைத்தது என்பதற்குச் சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டி சான்று. உரிமம் பெற்ற பழைய பாட்டுகளை முன்கூட்டியே ஏற்றி விற்கப்படும் அந்தப் பெட்டியை, இடப்பக்க மேசையின் பென் டிரைவைப் போலப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிப் பெற்றோருக்குப் பரிசளித்தவர்களை நம்மில் பலர் அறிவோம். ஏறக்குறைய ஒரே பொருள். ஒன்றில் பணம் உரியவரிடம் போகிறது.

கடைக்குச் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். கேசட்டுகளைக் கொடுக்கும்போதே இரைச்சல் நீக்காத மூலப் பதிவு வேண்டும் என்றும், வி.எச்.எஸ். என்றால் 4:3 அளவிலேயே வேண்டும் என்றும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோப்புகளை வாங்கிவரப் புதிய பென் டிரைவையோ ஹார்டு டிஸ்கையோ நீங்களே கொண்டுபோவது நல்லது. கடையில் தருவதில் கேட்காத பாட்டுகளும் சேர்ந்தே வரும். பூஞ்சை பிடித்த நாடாவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் ஆடி மாதத்தில் மைக் செட்காரர்கள் கடையை மொய்த்துவிடுவதால் வலப்பக்க மேசை வேலை அப்படியே கிடக்கும். நாடாக்களை ஆவணியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.